மன்னிக்கச் சொல்லாதே, பிலோ அக்கா

என் தலையை மடியில் போட்டுப் பேன் பார்த்துவிட்ட என் பிலோ அக்காவுக்கு,

மழை தொடங்கிவிட்டது. நேற்று கல்லறைத் தோட்டத்துக்குப் போய் உன் குழிமேட்டில் வளர்ந்திருந்த புல்லைப் பிடுங்கிவிட்டு வந்தேன். பக்கத்துக் குழிக்காரருக்குச் சிமெந்தில் கட்டிவிட்டார்கள். உனக்கு இன்னும் மரச்சிலுவைதான். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். கோபிக்கத் தெரியாதவள் நீ. உன் பங்குக் கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

யுத்தம் முடிந்துவிட்டது அக்கா. சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள், வெடி கொளுத்தினார்கள். நானும் ஒரு துண்டு வாங்கித் தின்றேன். வாங்காமல் போனால் ஏன் வாங்கவில்லை என்று பார்ப்பார்கள். நீ இருந்திருந்தால் இரண்டாவது துண்டுக்கும் கை நீட்டியிருப்பாய். பசியைத் தவிர எதற்கும் நீ பயந்ததில்லையே.

இந்தக் கடிதத்தை ரிஸானா மிஸ் ஒரு பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறார். மிஸ்ஸை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவர். கண்டியிலிருந்து வருகிற லோயர். அதனால் முன்பின் தெரியாத ஆட்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்த கதையையே உனக்குத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

யாழ்ப்பாண ரோட்டைத் திறந்துவிட்ட நேரம் அது. சமாதானம் என்று சொன்னார்கள். லொறியும் வேனும் பஸ்ஸுமாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகிற ரோட்டில் மாடி வைத்த ஒரு பழைய லொட்ஜில் நீயும் நானும் இருந்தோம். என்ன வேலை செய்தோம் என்று சுற்றி வளைக்க மாட்டேன். உடம்பை விற்றோம். நீ எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறித்தவள். வன்னிக்கு வேலைக்குப் போன புருஷன் திரும்பி வரவேயில்லை. அவன் வீட்டார் உன்னை லயத்து வீட்டை விட்டுத் துரத்தினார்கள். நான் ரத்தோட்டைப் பக்கம். வீட்டு வேலைக்குப் போன பங்களாவில் எனக்கு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. இது உன் கடிதம்.

லொட்ஜுக்கு வந்த முதல் நாள் நான் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். நீ பிளேன்டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"அழாதடி. அழுதா மூக்கு சிவக்கும். சிவந்தா, வர்றவன் தடிமன் ஒட்டிக்கும்னு ஓடிருவான்."

அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன். அன்றையிலிருந்து நீ எனக்கு அக்கா. குளியலறையில் மாதா பாட்டுப் பாடுவாயே, கீழே முதலாளி சத்தம் போடுவாரே, "இது கோயிலா லொட்ஜா?" என்று? ஞாயிற்றுக்கிழமை தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்துவிட்டு வருவாய். எதற்குக் கடைசி வாங்கு என்று கேட்டால், "முன்னுக்கு இருந்தா கர்த்தருக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சு போயிரும்" என்பாய்.

இனி அவனைப் பற்றி எழுத வேண்டும். அவன் பெயரை எழுத மாட்டேன். உன் பெயர் இருக்கிற தாளில் அவன் பெயர் இருக்கக் கூடாது. அவன் எந்த ஸ்டேஷன் என்பதும் வேண்டாம். பொலிஸ் சார்ஜன்ட் அவன், நாம் கூப்பிட்டபடியே சாஜன் என்று எழுதுகிறேன்.

கோர்ட்டுக்குக் கொண்டுபோக அவனுக்கு மாதா மாதம் ஆட்கள் வேண்டும். அதற்கு நாம் இருந்தோம். தலைவலி மாத்திரை வாங்கக் கடைக்குப் போனாலும், பஸ்ஸுக்கு நின்றாலும், அலைந்து திரிகிறாள் என்று பிடித்துக்கொண்டு போவான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் அது என்று மிஸ் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் கப்பலேறிவிட்டான், சட்டத்தை நம் தலையில் விட்டுவிட்டுப் போனான். கூண்டில் ஏறுவோம், குற்றத்தை ஒப்புக்கொள்வோம், தண்டம் கட்டுவோம். கட்டிய தண்டத்தைச் சம்பாதிக்கத் திரும்பவும் அதே வேலைக்குப் போவோம். பிடிக்கிறவனும் அவன்தான். யூனிஃபோமைக் கழற்றி வைத்துவிட்டு மத்தியானத்தில் மாடிக்கு வருகிறவனும் அவன்தான். காசு கொடுத்த வழக்கமே அவனுக்கு இல்லை.

நீ தூள் குடித்தாய், ஹெரோயின். அதை நான் மறைக்க மாட்டேன். மறைத்தால், செத்தவளை நல்லவளாக்கப் பார்க்கிறாள் என்பார்கள். தூள் குடித்தவள் கெட்டவள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகிவிடும். கடதாசியில் மடித்த முதல் தூள் பக்கெட்டை உன் கையில் வைத்ததே சாஜன்தானே? வழக்குக்குப் பிடிக்கிற தூளில் கொஞ்சத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான். உனக்குக் கூலி அதுதான். முதலில் உடம்பு வலிக்கு என்று குடித்தாய். பிறகு அது இல்லாமல் எழும்ப முடியவில்லை. அது தெரிந்ததும் அவன் இன்னும் அடிக்கடி வந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று நான் கெஞ்சாத கெஞ்சலா?

"போனா, யாரு தந்தா, எங்க வாங்கினன்னு கேப்பாங்க. சொன்னா உள்ள போட்டுருவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற பாதையும் பொலிஸ் வாசல் வழியாத்தான் போகுதுடி, சந்திரா."

கடைசியில் நீயாகவே விட்டாய். எப்படி விட்டாய் அக்கா? குளிரில் நடுங்குகிற மாதிரி நடுங்கினாய். வாந்தி எடுத்தாய். என் கையை நீ கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. ஒரு நாள் காலையில் எழும்பி, பசிக்கிறது என்றாய். ஒரு பாண் ரொட்டியை முழுசாக, பருப்புக் கறியில் தோய்த்துத் தின்றாய். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த மத்தியானம்தான்.

நான் மாடியின் பின்பக்கம், அரைக்கதவுக்கு அந்தப்புறம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சாஜன் படியேறி வந்தான். நான் அங்கே இருந்தது அவனுக்குத் தெரியாது. பக்கெட்டை எடுத்து நீட்டினான்.

"வேணாம் சேர். நான் விட்டுட்டேன்."

அவன் சிரித்தான். "நீ விட்டா நானும் விடணுமா?"

நீ தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாய் என்று நினைத்தேன். எப்போதும் அப்படித்தானே செய்வாய்? அன்றைக்கு ஏன் குனியவில்லை? அந்தப் பாண் தந்த தைரியமா?

"இனி என்னைய கோர்ட்டுக்குக் கொண்டு போனா குற்றத்தை ஒத்துக்க மாட்டேன், சேர். இந்தத் தூள் எங்கயிருந்து வருதுன்னு நீதவான் ஐயாகிட்ட சொல்லிருவேன்."

நீ அதைக் கத்திச் சொல்லவில்லை. கடையில் பால்மா கேட்கிற மாதிரிதான் சொன்னாய்.

அவன் உன் தலைமயிரைப் பிடித்தான். படித் தலைப்பில் இருந்த சிமெந்துத் தூணில் அடித்தான். திரும்பவும் அடித்தான். உன் கை தொங்கிப்போன பிறகும் அடித்தான். அப்புறம் குனிந்து, பக்கெட்டை உன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். எவ்வளவு பக்குவமாக மடக்கினான் தெரியுமா? காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மாத்திரை கொடுக்கிற மாதிரி. பிறகு உன்னைக் காலால் படியில் தள்ளிவிட்டு, பின்னாலேயே இறங்கிப் போய், "ஒருத்தி விழுந்துட்டா, ஓடி வாங்க!" என்று சிங்களத்தில் கத்தினான்.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் இரண்டு குழி வெட்டியிருப்பார்கள். அவன் இன்றைக்குப் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பான்.

மரண விசாரணையில் அவன் சொன்னது: தூள் போதையில் இருந்த பெண், பொலிஸைக் கண்டு ஓடினாள், வழுக்கி விழுந்தாள். முதலாளி அந்த நேரம் லொட்ஜில் இல்லவே இல்லையாம். எனக்கு அவர் முகத்தில் துப்ப வேண்டும் போல இருந்தது. பிறகுதான் விளங்கியது. மாடியில் பெண்கள் இருந்தார்கள் என்று அவர் வாய் திறந்தால், விபசார விடுதி நடத்தினார் என்று முதலில் அவரைத்தான் உள்ளே போடுவார்கள். மற்றப் பிள்ளைகள் அன்றைக்கே தம்புள்ளைக்கும் குருநாகலுக்கும் ஓடிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் வாயைத் திறந்தால் குற்றவாளியாக வேண்டியவர்கள்தான் எல்லோரும். உன்னைக் கொன்றவன் ஒருவன் மட்டும்தான் தைரியமாகப் பேசலாம். அப்படித்தான் சட்டம் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

நான் எழும்பி நின்றேன்.

"யார் நீ?" என்று நீதவான் கேட்டார்.

"செத்துப் போனவ கூட வேலை செஞ்சவ, ஐயா."

"என்ன வேலை?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் வேலையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. பிறகு பார்த்ததைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார், விசாரிக்கச் சொன்னார். சாஜன் என்னைப் பார்த்தான். அரைக்கதவு அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

உன் தம்பி வந்தான் அக்கா. கையெழுத்துப் போட்டான். பெட்டியை எடுத்துப்போக மாட்டேன் என்றான். "எங்க வீட்டுல இப்படி ஒருத்தி இருந்ததே தோட்டத்துக்குத் தெரியாது" என்றான். நான்தான் உன்னை வாங்கிக்கொண்டேன். ஃபாதர் வந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை, முழு ஜெபத்தையும் சொன்னார். அதற்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

அந்த மாதமே என்னைப் பிடித்தார்கள். பஸ் தரிப்பிடத்தில், சிவில் உடுப்பில் இரண்டு பேர். என் கைப்பையைத் திறந்து, நான் வைக்காத பக்கெட் ஒன்றை எடுத்தார்கள். உன் கையில் வைத்த அதே மாதிரிக் கடதாசி மடிப்பு. ரிமாண்டுக்குப் போனேன். அங்கே என்னைப் பார்க்க ஒருவன் வந்தான், சாஜனின் சிநேகிதன்.

"வாக்குமூலத்தை மாத்திச் சொல்லு. பக்கெட் காணாம போயிரும்."

"பக்கெட்டும் இருக்கட்டும், வாக்குமூலமும் இருக்கட்டும்" என்றேன்.

அந்த ரிமாண்ட் அறையில் எத்தனை பெண்கள் தெரியுமா? ரோட்டில் நின்றவள். தூள் குடித்தவள். புருஷன் ஒளித்து வைத்த தூளுக்குப் பதிலாக வந்தவள். ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் படுக்க முடியாது. ஆளைக் கொன்றவள் ஒருத்தியும் இல்லை. அங்கே படுத்துக்கொண்டுதான் யோசித்தேன். வெளியே போய்க் கத்தியை எடுத்துக் குத்தினால் அவன் ஒரு நிமிஷத்தில் செத்துவிடுவான். ஒரு நிமிஷம் எனக்குப் போதாது.

ரிஸானா மிஸ் வேறொரு பெண்ணைப் பார்க்க அங்கே வந்தவர். நான் கூப்பிட்டேன். கம்பிக்கு அந்தப்பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"சந்திரா, இதுல இறங்கினா உங்களைத்தான் முதல்ல கிழிப்பாங்க. உங்க பேரு, உங்க தொழில், எல்லாம் சந்திக்கு வரும்."

"மிஸ், ஏற்கனவே கிழிஞ்சவளை எவ்வளவு கிழிப்பாங்க?"

மிஸ் எனக்குப் பிணை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் இழுத்தார்கள் அக்கா. அவன் லோயருக்குச் சுகமில்லை, அவனுக்கு இடமாற்றம், ஒரு கடதாசி வரவில்லை. சுனாமி வந்தது, திரும்பவும் சண்டை தொடங்கியது. ரோட்டெல்லாம் செக்பொயின்ட். தமிழ்ப் பொம்பளை தனியாக கோர்ட்டுக்குப் போவதற்கே அடையாள அட்டையை எத்தனை இடத்தில் நீட்ட வேண்டும்! ஒரு தவணையையும் நான் விடவில்லை. கூப்பிடாத நாளிலும் போய் அவன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்காருவேன். தலையைத் திருப்பினால் நான் இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கடைசியில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், சிங்களத்திலேயே சொல்கிறேன் என்றேன். நடுவில் ஒருவர் நின்று என் வார்த்தையைக் கழுவித் துடைத்துக் கொடுக்க வேண்டாம். அவன் காதில் அது அழுக்கோடேயே விழ வேண்டும்.

அவனுடைய லோயர் வயசானவர், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றிப் போடுவார்.

"என் கட்சிக்காரர் அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த லொட்ஜ் படியில் கால் வைத்தார். இறந்தவளையும் தெரியாது, உன்னையும் தெரியாது. நீ ஒரு விபசாரி. உன் பேரில் தூள் வழக்கு இருக்கிறது. உன் பேச்சை இந்த மன்றம் எதற்கு நம்ப வேண்டும்?"

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. நீதிபதியைப் பார்த்துச் சொன்னேன்.

"நான் விபசாரிதான், ஐயா. அதனாலதான் எனக்குத் தெரியும். இவரோட இடது தொடையில, உள்பக்கமா, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெந்த தழும்பு இருக்கு. சின்ன வயசுல வெந்நீர்ப் பானை கவிழ்ந்ததுன்னு பிலோமினாகிட்ட அவரே சொன்னாரு. முன்னப்பின்ன தெரியாத பொம்பளைக்கு அது எப்படித் தெரியும்னு கேளுங்க."

அவன் லோயர் துள்ளி எழும்பினார். ஆனால் அதற்குள்ளே சாஜனின் கை தானாகப் போய் இடது தொடையை மூடிக்கொண்டது. நீதிபதி அதைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். டொக்டரிடம் அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள், டொக்டரும் எழுதிக் கொடுத்தார். ஆனால் எனக்கு அந்தக் கைதான் தீர்ப்பு.

எப்படி இருந்தது என்று கேட்கிறாயா? இனித்தது அக்கா. பொய் சொல்ல மாட்டேன். உன்னைப் பிடித்து அடித்த அந்தக் கை, அத்தனை பேர் முன்னால், தன்னையே காட்டிக்கொடுத்துவிட்டு எங்கே போவதென்று தெரியாமல் கிடந்தது.

அவன் பெண்சாதி அன்றைக்கு வந்திருந்தாள். வெள்ளைச் சேலை, மடியில் மடக்கிய குடை. நான் தழும்பைச் சொன்னதும் தலையைக் குனிந்தவள் அப்புறம் நிமிரவேயில்லை. வெளியே வந்தபோது என்னை நோக்கி நடந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து நின்றேன்.

"அவர் அவளை அடிச்சது உண்மையா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"என் கண்ணால பார்த்தேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. பிறகு உன் தலை ஞாபகம் வந்தது, பாவம் போய்விட்டது.

தீர்ப்பு வந்தது. திட்டம் போட்டுச் செய்த கொலை இல்லையாம், கோபத்தில் நடந்த கொலையாம். சிறைதான் என்றார்கள். வேலை போனது, பென்ஷனும் போனது. மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆனால் அவன் மேன்முறையீடு செய்துவிட்டான். அது முடிகிற வரைக்கும் பிணையில் வெளியே விட்டிருக்கிறார்கள். என் பக்கெட் வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கும் பிணை, அவனுக்கும் பிணை. இரண்டு பேரும் ஒரே தராசிலாம்.

இன்னொரு செய்தி. மிஸ் என்னைக் கண்டியில் ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப் போனார். டொக்டர்கள், லோயர்கள், விலை கூடிய சேலை கட்டிய அம்மாமார். நம்மைப் பிடிக்கிற அந்தச் சட்டத்தை எடுக்க வேண்டுமாம். இந்த வேலையைக் குற்றம் என்று எழுதக் கூடாதாம். தூள் குடிக்கிறவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் வைத்தியம் பார்க்க வேண்டுமாம். நோய் குறையும், மனித உரிமை, சிறைச்சாலையில் இடமில்லை என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு நியாயம் சொன்னார்கள். எல்லாம் நல்ல நியாயம்தான். உன்னை மாதிரி ஒருத்தி பயமில்லாமல் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகலாம் என்பதைக் கேட்டபோது என் கையில் நீ கடித்த தழும்பைத் தடவிக்கொண்டேன்.

ஒரு அம்மா எழும்பிக் கேட்டார், "சட்டத்த எடுத்துட்டா இன்னும் நிறையப் பிள்ளைங்க இந்தத் தொழிலுக்கு வந்துற மாட்டாங்களா?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் எழும்பினேன்.

"அம்மா, சட்டம் இருந்தப்பதான் நான் வந்தேன். பிலோ அக்காவும் சட்டம் இருந்தப்பதான் வந்தா. பசி சட்டத்தப் படிச்சுட்டு வர்றதில்ல. உங்க சட்டம் எங்களை ஒரு நாளும் தடுக்கல. எங்களைக் கொன்னவனுக்குத்தான் அது காவல் நின்னுச்சு."

பிறகு தேநீர் குடிக்கிற இடத்தில் அதே அம்மா வந்து, "இப்ப திருந்திட்டீங்கதானே?" என்று மெதுவாகக் கேட்டார். இன்னும் அதே வேலைதான் என்றேன். திருந்த வேண்டிய ஆள் நானில்லை என்றும் சொன்னேன். கோப்பையை வைத்துவிட்டு பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார், பாவம்.

அவர்கள் நியாயத்துக்காகக் கேட்கிறார்கள். நான் பழிக்காகக் கேட்கிறேன். மிஸ்ஸிடம் சொன்னேன். மிஸ், "கேக்கிற விஷயம் ஒண்ணுதானே, சந்திரா" என்றார். ஒன்றுதான். அவன் உன்னை வெறும் கையால் கொல்லவில்லை. ரோட்டில் நின்றாலே பிடிக்கலாம், பையில் இருந்தாலே அடைக்கலாம் என்ற தைரியத்தோடுதான் படியேறி வந்தான். அந்தத் தைரியத்தை அவன் மாதிரி எவனுக்குமே இல்லாமல் செய்ய வேண்டும்.

மன்னித்துவிடு, மனசு லேசாகும் என்று ஃபாதர் சொல்லிப் பார்த்தார். என் மனசு லேசாக வேண்டாம் ஃபாதர், கனமாகவே இருக்கட்டும் என்றேன். நீயும் மன்னிக்கத்தான் சொல்லுவாய், எனக்குத் தெரியும். உன் மேல் எனக்கு இருக்கிற ஒரே கோபம் அதுதான். கனவில் வந்தும் அதை என்னிடம் கேட்காதே.

இப்போது நான் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்கிறேன். மிஸ்ஸுக்குக்கூட இதைப் படிக்கும்போதுதான் தெரியும்.

சாஜனின் ஊர் வில்கமுவ. வயலும் மகாவலித் தண்ணீருமான தூரத்து ஊர். அங்கே அவன் பெண்சாதி வீட்டு முன்னால் ஒரு பலசரக்குக் கடை போட்டிருக்கிறான். நான் மாதம் ஒரு தரம் அங்கே போகிறேன். பஸ் கிடைப்பதே பெரிய பாடு. ஒன்றை விட்டால் பொழுது போய்விடும். வழியில் ஆமிக்காரன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எங்கே போகிறாய் என்று கேட்பான். கடைக்குச் சாமான் வாங்க என்பேன். "ஏன், மாத்தளையில கடை இல்லையா?" என்று சிரிப்பான். இந்தச் சாமான் அங்கே கிடைக்காது என்பேன்.

முதல் தரம் போனபோது அவன் சவர்க்காரக் கட்டியை வெட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கத்தி நின்றது.

"நெருப்புப்பெட்டி ஒண்ணு தாங்க" என்றேன்.

எடுத்து வைத்தான். வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன். அடுத்த மாதம் போனபோது, "உனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டான். நெருப்புப்பெட்டி என்றேன். அதற்கடுத்த மாதம் வயல்காரர்கள் இரண்டு பேர் கடையில் நின்றார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, பொலிஸுக்குச் சொல்லுவேன் என்றான்.

"சொல்லுங்க, சேர். கடைக்கு வந்து சாமான் வாங்கினா எந்தச் சட்டத்துல பிடிப்பாங்கன்னும் கேட்டு வைங்க."

வயல்காரர்கள் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அந்தப் பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் உன் மாதா பாட்டைப் பாடினேன். பாதி வார்த்தை மறந்துவிட்டது.

போன வாரம் போனபோது அவன் கடையில் இல்லை. அவன் பெண்சாதிதான் நின்றாள். என்னைத் தெரிந்துகொண்டாள். மெலிந்துவிட்டாள். உள்ளே கதவுச் சீலைக்குப் பின்னால் யாரோ அசைகிற மாதிரி இருந்தது.

"உள்ளதான் இருக்கார். பஸ் சத்தம் கேட்டதும் போயிட்டார்" என்றாள், குரலைக் குறைக்காமல்.

"நெருப்புப்பெட்டி ஒண்ணு."

அவள் உடனே எடுக்கவில்லை. "நீ வந்துட்டுப் போற நாள்ல அவருக்குச் சோறு இறங்குறதில்ல. பிறகும் கொஞ்ச நாளைக்கு யாரோடயும் பேச மாட்டார். எந்த பஸ் வந்து நின்னாலும் எழும்பிப் பார்க்கிறார்."

இனி வராதே என்று கெஞ்சப் போகிறாள் என்று நினைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று பதிலைக்கூட வாயில் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் நெருப்புப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். அந்தக் கதவுச் சீலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதே குரலில், உள்ளே நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்:

"அடுத்த மாசமும் வா."

வருவேன் என்றேன். உனக்கும் அதையே சத்தியம் செய்து கொடுக்கிறேன், அக்கா. அவனை உள்ளே போட்டால் சிறை வாசலுக்குப் போய்ப் பார்வையாளர் வரிசையில் நிற்பேன். வெளியே விட்டால் கடைக்குப் போவேன். நம்மை மாதிரி ஒருத்தி ஒரு ஸ்டேஷனுக்குள் நிமிர்ந்து நடந்து போய், "நான் இந்த வேலை செய்றவ, என்னைய ஒருத்தன் அடிச்சுட்டான், எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, பொழுதோடு தன் வீட்டுக்குத் திரும்பி வருகிற நாள் ஒன்று வர வேண்டும். அது வரும்வரை ஒவ்வொரு கூட்டமாகப் போய்ப் பேசுவேன். அந்த நாளை அவன் உயிரோடு இருந்து பார்க்க வேண்டும். உன் மாதாவிடம் எனக்காக எதையாவது கேட்பதாக இருந்தால், அவனுக்கு நீண்ட ஆயுளைக் கேள்.

உன்னோடு பிறக்காமலே உனக்குத் தங்கச்சியானவள்,
சந்திரா